பேச்சு வராதபோது ஆங்கிலம்

வாயடைத்துப் போகும் நிலையைச் சொல்ல ஆங்கிலத்தில் தொடர்கள் பல. ஆனால் ஒன்று நிற்குமிடத்தில் மற்றொன்று நிற்காது. வாயை அடைத்தது துக்கமா, வியப்பா, கூச்சமா என்று பார்த்தே தொடரை எடுக்க வேண்டும்.

எங்கும் பொருந்துவது ‘அட் எ லாஸ் ஃபார் வேர்ட்ஸ்’. இதிலுள்ள ‘லாஸ்’ வியாபார நஷ்டம் அல்ல. துரத்திவந்த நாய்கள் மோப்பம் விட்டுப்போய், மூக்கைத் தரையில் வைத்தபடி அங்குமிங்கும் சுற்றும் நிலையை வேட்டைக்காரர்கள் அப்படிச் சொன்னார்கள். சொல் கிடைக்காமல் தவிக்கும் மனத்துக்கு இத்தனை பொருத்தமான படம் வேறில்லை. இரங்கல் கடிதத்திலும் இதை எழுதலாம், நன்றி சொல்லும் மேடையிலும் பேசலாம்.

‘காப்ஸ்மாக்ட்’ அப்படியல்ல. ‘காப்’ என்பது பிரிட்டனில் வாய்க்கு வழங்கும் கொச்சைச் சொல். வாயில் அறை விழுந்தாற்போன்ற திகைப்பு. நண்பர்களிடம் இது கலகலப்பு, சாவு வீட்டில் அபத்தம். 1772லேயே புதுமோஸ்தர்ச் சொல்லாகக் குறிக்கப்பட்ட ‘ஃப்ளாபர்காஸ்டட்’டும் வியப்புக்கு உரியதே, துக்கத்துக்கு ஆகாது.

‘டங்-டைட்’ கூச்சத்துக்கு உரியது. நாக்கின் அடியிலுள்ள சவ்வு குட்டையாக இருக்கும் பிறவிக் குறைக்கும் மருத்துவத்தில் இதே பெயர்தான். அம்மாவின் பின்னால் ஒளியும் குழந்தையிடம் விருந்தாளி குனிந்து, ‘உன் நாக்கைப் பூனை தூக்கிப் போய்விட்டதா?’ என்று கேட்பது ஆங்கில வீடுகளில் சகஜம். இதே கேள்வியை மேலதிகாரியிடம் கேட்டால் துடுக்குத்தனம். பூனை எப்படி உள்ளே வந்தது என்பதற்குக் கதைகள் பல உலவுகின்றன, எதற்கும் ஆதாரமில்லை.

அதிகம் வழுக்குவது ‘நான்பிளஸ்ட்’. ‘இதற்கு மேல் இல்லை’ எனப் பொருள்படும் லத்தீன் தொடரில் பிறந்த இச்சொல்லுக்குத் திகைத்து நிற்பது என்பதே பழைய பொருள். அமெரிக்காவில் இன்று பலர் ‘சலனமே இல்லாத’ என்று நேர்மாறாக வழங்குகிறார்கள். படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார் என்று தெரியாதபோது இதைத் தவிர்ப்பதே நல்லது.

‘ஆன் த டிப் ஆஃப் மை டங்’ தனி ரகம். தமிழிலும் ‘நுனிநாக்கில் நிற்கிறது’ என்கிறோம். இதில் உணர்ச்சி வாயை அடைப்பதில்லை. தெரிந்த சொல்தான் வர மறுக்கிறது. 1966இல் வெளியான ஆய்வுக்காகப் பிரௌன், மெக்நீல் என்ற உளவியலாளர்கள் அரிய சொற்களின் பொருளை மட்டும் வாசித்துச் சொல்லைக் கேட்டார்கள். தவித்தவர்களில் பலருக்குச் சொல் வரவில்லை. அதன் முதலெழுத்து வந்தது, அசை எத்தனை என்பதும் வந்தது.