சின்ன ஃபங்ஷன், பெரிய செலவு

“இன்லைன் எல்லாம் கம்பைலரே பார்த்துக்கொள்ளும் சேர், அதற்குப் போய் ஏன் மினக்கெடுகிறீர்கள்?” என்று ஓர் இளம் பொறியியலாளர் என்னிடம் கேட்டார். ஓய்வுபெற்றுக் கற்பிட்டிக்குத் திரும்பியபின் எனக்கு இவ்வளவு கோபம் வந்தது அன்றைக்குத்தான். கம்பைலர் பார்த்துக்கொள்ளும் என்றால், அந்தக் கம்பைலரை யார் பார்ப்பது? என் வேலைக்காலம் முழுக்க அதற்குள்ளேதான் கழிந்தது, அதிலும் நிரலின் இலக்கணத்தைப் பிரித்துப் படிக்கும் பார்சரில்.

பார்சர் பழைய சங்கதி, பார்சரைத் தானாக ஆக்கித்தரும் யாக், பைசன் கருவிகளின் காலத்தோடு தீர்ந்துபோனது என்று பலர் நினைக்கிறார்கள். ஜிசிசி கம்பைலர் 2004இல் சி பிளஸ் பிளஸுக்கும் 2006இல் சி மொழிக்கும் பைசனை விட்டுவிட்டுக் கையால் எழுதிய பார்சருக்கு மாறியது. கொழும்பில் டபிள்யூஎஸ்ஓ2 உருவாக்கிய பாலரினா மொழியும் அன்ட்லர் என்ற அதேபோன்ற கருவியில் தொடங்கி, கையால் எழுதிய பார்சருக்குத்தான் வந்து சேர்ந்தது. நம் நாட்டிலேயே நடந்த காரியம் இது. இங்குள்ள மாணவர்களுக்கு இதைச் சொல்லுவார் இல்லை.

கையால் எழுதும் பார்சரில் மூன்று குட்டி ஃபங்ஷன்கள்தான் ஓயாமல் ஓடும். நிரலின் அடுத்த சொல்லான டோக்கனை எட்டிப்பார்ப்பது ஒன்று, அடுத்ததற்கு நகர்வது ஒன்று, எதிர்பார்த்ததுதான் வந்ததா என்று சரிபார்ப்பது ஒன்று. உள்ளே இருக்கும் வேலை ஓர் ஒப்பீடும் ஒரு கூட்டலும். அதற்காக ஒவ்வொரு தடவையும் ரெஜிஸ்டர்களைச் சேமித்து, தாவி, திரும்பிவருவது, புத்தளத்து உப்பளத்தில் ஒரு சிரட்டை உப்புக்காகப் பாத்திக்கும் களஞ்சியத்துக்கும் நடப்பதற்குச் சமம். நடை மிச்சமாவது சின்ன இலாபம்தான், பெரியது வேறு. ஃபங்ஷனின் உடல் கண்ணுக்குத் தெரியாதபோது, அது எந்த நினைவகத்தையும் மாற்றியிருக்கக்கூடும் என்றே கம்பைலர் எடுத்துக்கொள்ளும். டோக்கன் சுட்டியை மறுபடி மறுபடி நினைவகத்திலிருந்து ஏற்றும். உடலை அழைத்த இடத்திலேயே விரித்துவிட்டால் சுட்டி ரெஜிஸ்டரிலேயே தங்கும். வேகம் கிடைப்பது அங்கேதான்.

வேறு கோப்பில் இருக்கும் ஃபங்ஷன் விரியாது. ஹெடருக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் இணைக்கும்போது மேம்படுத்தும் வசதியை இயக்க வேண்டும். அது ஜிசிசிக்கு 2010இலேயே வந்துவிட்டது. இதோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் எழுந்துபோவார்கள்.

ஆனால் என்னை அதிகம் படுத்தியது மூன்றாவதான சரிபார்க்கும் ஃபங்ஷன். எதிர்பார்த்த டோக்கன் வந்தால் அதற்கு இரண்டு வரி போதும். வராவிட்டால் வரி எண்ணைத் தேட வேண்டும், செய்தியைக் கோர்க்க வேண்டும், அடுத்த அரைப்புள்ளிவரை தாண்டி மீள வேண்டும். எப்போதாவது நடக்கும் அந்தப் பிழைவேலைதான் ஃபங்ஷனின் உடலைப் பருக்க வைக்கிறது. கம்பைலர் அளந்துபார்த்து, பெரிது, விரிக்கமாட்டேன் என்று ஒதுக்கிவிடும். ஜாவாவின் ஹாட்ஸ்பாட்டில் அந்த அளவு வழக்கமாக 35 பைட்கோட் பைட்டுகள். அடிக்கடி ஓடும் ஃபங்ஷனுக்கு மட்டும் 325. சோதனையை மட்டும் குட்டி ஃபங்ஷனில் வைத்துவிட்டு, பிழைவேலை முழுவதையும் விரிக்கக்கூடாத தனி ஃபங்ஷனாகப் பிரித்தபின் அசெம்பிளியைத் திறந்தேன். அழைப்பு இருந்த இடத்தில் ஓர் ஒப்பீடு, ஒரு தாவல், ஒரு கூட்டல். நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் பட்டியலின் உச்சியில் நின்ற பெயர் காணாமற்போயிருந்தது. அந்த மூன்று கட்டளைகளையும் பார்த்தபோது வந்த சந்தோஷம் எனக்கு வேறெந்த வேலையிலும் வந்ததில்லை.

இப்போதுள்ளவர்கள் இதற்குக் குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். எல்லா ஃபங்ஷனுக்கும் ‘கட்டாயம் விரி’ என்ற குறியை ஒட்டிவிடுகிறார்கள். செயலியின் முதல்நிலைக் கட்டளைக் கேஷ் பல இயந்திரங்களில் 32 கிலோபைட்தான். பார்சர் ஊதி அதைத் தாண்டினால், மிச்சம்பிடித்த வேகம் அங்கே போய்விடும். அதுமட்டுமல்ல, சி மொழியில் ‘5’ என்ற ஒற்றை எண்ணைப் படிக்கப் பதினைந்து படி இறங்கும் கோவை (எக்ஸ்பிரஷன்) பார்சருக்கு இன்லைன் மருந்தே இல்லை. வான் பிராட் 1973இல் காட்டிய ஆபரேட்டர் முன்னுரிமை முறைக்கு மாற வேண்டும். அளந்துபார்த்தாயா தம்பி என்று கேட்டால், புதுச் சர்வர் வாங்கலாம் சேர் என்கிறார்கள்.

எங்கள் புத்தளக் கரையில் சர்வர் வாங்கும் பேச்சு எடுபடாது. உடப்பிலும் முந்தலிலும் பிள்ளைகள் படிப்பது கைமாறி வந்த பழைய மடிக்கணினியில். எடிட்டரில் ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் பின்னால் பார்சர் ஓடுகிறது. 900 மெகாவாட் நுரைச்சோலை மின்நிலையம் இந்தக் கரையிலேயே இருந்தும், 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பற்றரியை வைத்து வேலைசெய்தவர்களுக்கு மெதுவான பார்சர் என்றால் என்னவென்று தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத்துகளை டோக்கன்களாக்கும் லெக்சரிலும் இதே பிரிப்புத்தான்: ஆங்கில எழுத்துக்கு விரிந்த குறுக்குப்பாதை, மற்ற மொழிகளுக்கு வெளியே தனி ஃபங்ஷன். அந்தப் பிரிப்பு சரி. ஆனால் வெளியே வைத்ததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘புத்தளம்’ யூனிகோடில் எட்டுக் குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 24 பைட்டுகள். புள்ளியும் உயிர்க்குறிகளும் யூனிகோட் கணக்கில் எழுத்துகள் அல்ல, குறிகள். எழுத்தா என்று மட்டும் கேட்கும் லெக்சர் அங்கேயே நின்றுவிடும். பைத்தான் 2008இல் வந்த 3ஆம் பதிப்பிலிருந்து இந்தப் பெயரை மாறிக்கு வைக்க விடுகிறது. கோ மொழி விடுவதில்லை. எந்தப் பார்சர் கைக்கு வந்தாலும் வேகத்தை அளக்குமுன் ‘புத்தளம்’ என்ற மாறியைத்தான் நான் கொடுத்துப்பார்ப்பேன். சில பார்சர்கள் ‘பு’வையே தாண்டுவதில்லை.