சூதுக் கப்பலுக்கு ஒரு பயணத் திட்டம்

மகன் தொலைபேசியில் சொன்னபோது முதலில் நாங்கள் சிரித்துவிட்டோம். "அம்மாவும் நீங்களும் நாலு நாள் கோவா போயிட்டு வாங்கப்பா. ஆத்துல கப்பல் நிக்கும், அதுக்குள்ள காசினோ. சாப்பாடு, ஆட்டம் பாட்டம் எல்லாம் உள்ளேயே. விளையாடணும்னு கட்டாயம் இல்ல."

கட்டாயம் இல்லை என்கிற சொல்லை மட்டும் அன்று இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இக்கட்டுரையில் 'நாங்கள்' எனப்படுவோர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டில் மிஞ்சியிருக்கும் கணவனும் மனைவியும். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதியது. எவர் சொன்னார், எவர் எழுதினார் என்பதில் வீட்டிலேயே கருத்து வேறுபாடு உண்டு. மகன் புணேயில், மகள் சிட்னியில். மாடியறை பூட்டிக் கிடக்கிறது. பால்கோவா வாங்கினால் கால் கிலோவே மூன்று நாள் வருகிறது. எங்களில் ஒருவர் முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்கு நடத்தியவர். இன்னொருவர் அதே ஆண்டுகளில் அவருடைய சம்பளத்துக்குக் கணக்குப் பார்த்தவர்.

சூதாட்ட நகரம் என்று முடிவான பின் எது என்பதில் சில நாட்கள் கழிந்தன. சிட்னியிலிருந்து மகள் சிங்கப்பூர் என்றாள். அங்கே 2010-இல் இரண்டு காசினோக்கள் திறக்கப்பட்டன. வெளிநாட்டார் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு இலவசமாக நுழையலாம்; சொந்த நாட்டுக் குடிமகனோ 2019 முதல் ஒரு நாளுக்கு 150 வெள்ளி கட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோவாவிலும் அதே கதைதான் என்று பிறகு தெரிந்தது. 2020 பிப்ரவரி முதல் கோவாக்காரர்கள் காசினோவுக்குள் விளையாடப் போகக் கூடாது. வெளியூர்க்காரர்கள் தாராளமாகப் போகலாம். தன் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குகிற பண்டத்தை விருந்தாளிக்குப் பரிமாறுவது எவ்வகை விருந்தோம்பலோ! எங்கள் கடவுச்சீட்டுகள் காலாவதியாகிவிட்டதால் சிங்கப்பூர், கொழும்பு, லாஸ் வேகாஸ் எல்லாம் தாமாகவே விலகின. கோவா நின்றது.

கோவாவின் சூது போர்த்துகீசியர் விட்டுப்போனது என்றே நினைத்திருந்தோம். மக்காவில் 1847-லேயே சூதாட்டத்துக்கு அனுமதி தந்தவர்கள் அவர்கள்தாம். ஆனால் மாண்டோவி நதியில் நிற்கும் இக்கப்பல்கள் நம்முடைய சட்டத்தின் பிள்ளைகள். 1976-இல் சூதாட்டத்தைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. 1992-இல் அதையே திருத்தி ஐந்து நட்சத்திர விடுதிகளில் ஸ்லாட் இயந்திரங்களை அனுமதித்தார்கள்; 1996-இல் மறுபடி திருத்தி, நீரில் மிதக்கும் கப்பல்களில் மேசை ஆட்டங்களுக்கும் வழிவிட்டார்கள். கரையில் குற்றமாக இருப்பது நாலு முழம் தண்ணீருக்கு மேலே போனால் சுற்றுலாவாகிவிடுகிறது. நமக்கும் பெருமை பேச இடமில்லை. தமிழக அரசே 1968-இல் பரிசுச் சீட்டு விற்கத் தொடங்கி, 2003-இல்தான் லாட்டரியைத் தடை செய்தது.

வழித்திட்டம் கணக்கு வாத்தியாரின் பொறுப்பு. சென்னையிலிருந்து கொல்லம் செல்லும் வண்டி பின்னிரவில் எங்கள் ஊருக்கு வருகிறது. ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை தாண்டி மலையேறும். 1904-இல் திறந்த அந்த மலைப்பாதை அகலப்பாதையாகி முழுவதும் ஓடத் தொடங்கியது 2018-இல். ஆரியங்காவுக்கு அப்பாலுள்ள பதின்மூன்று கண் பாலத்தை இருட்டில் கடந்துவிடுவோம் என்பதுதான் குறை. காலையில் கொல்லத்தில் இறங்கிக் குளித்து, இட்லி தின்று, நேத்ராவதி விரைவு வண்டியைப் பிடித்தால், 1998-இல் முழுமையாகத் திறந்த கொங்கண் பாதை வழியே மறுநாள் விடியுமுன் மட்காவ். அங்கிருந்து பணஜிக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதோடு போனது, முழுக் கட்டணம்தான். சர்க்கரை மாத்திரைக்கும் சாப்பாட்டுக்குமான நேரங்களை அட்டவணையின் ஓரத்தில் பென்சிலால் குறித்தாயிற்று. பழைய கோவாவில் சவேரியாரின் உடல் இருக்கும் தேவாலயத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஒதுக்கியிருக்கிறோம். 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தவரை அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது பழைய ஆசை. படகுத்துறையிலிருந்து சிறு படகில் ஏறித்தான் கப்பலுக்குப் போக வேண்டுமாம். எங்கள் நான்கு முழங்கால்களில் ஒன்று மட்டும் அதற்கு ஒப்பவில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கப்பலில் என்னென்ன ஆட்டங்கள் என்று மகன் அனுப்பிய பட்டியலைப் படித்தோம். ரூலெட், பிளாக்ஜாக், பாக்கரட் எல்லாம் தொலைவிலுள்ள சொற்கள். நடுவே ஒன்று, அந்தர் பாஹர். இந்தி தெரிந்த பக்கத்து வீட்டுப் பையன், "உள்ளே வெளியே, அத்தை" என்றான்.

எங்களில் ஒருத்தி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அவளுடைய அப்பாவுக்கு மம்சாபுரத்துக்கு அருகே மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. ஓர் ஐப்பசி மாதம் தொடங்கி அடுத்த ஆனிக்குள் அது இல்லாமலாயிற்று. ஊர் அதை மங்காத்தா என்றது. ஒரு சீட்டைத் திருப்பி வைத்து, அதற்கு இணையான சீட்டு உள்ளே விழுமா வெளியே விழுமா என்று பணம் கட்டுவது. திறமைக்கோ யோசனைக்கோ இடமில்லாத ஆட்டம். அம்மா அதன்பின் வீட்டுக்குள் சீட்டுக்கட்டைச் சேர்க்கவில்லை; கல்யாண வீடுகளில் யாராவது ரம்மிக்கு உட்கார்ந்தால் எழுந்து வந்துவிடுவாள். ஒரே விலக்கு மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவு. கண் விழிப்பதற்காகப் பரமபதம் விரிப்பார்கள். தாயக்கட்டையை உருட்டும்போது அப்பாவின் கை மட்டும் நடுங்கும் என்பாள். உச்சிக்கு அருகிலுள்ள பெரிய பாம்பு அவரைக் கடித்தால் பிள்ளைகள் யாரும் சிரிக்கமாட்டார்களாம். அந்தத் துணி எங்கள் வீட்டில் இப்போதும் இருக்கிறது. ஏணிகள் சாயம் போய்விட்டன, பாம்புகள் போகவில்லை.

பயணத்தை விட்டுவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். இன்னொருத்தி சம்மதிக்கவில்லை. "அறுபத்திரண்டு வயசாச்சுங்க. எங்க தோப்ப முழுங்கினது எப்படி இருக்கும்னு ஒரு தடவை கிட்டக்கப் போய்ப் பாக்கணும்."

வாத்தியார் தமக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைச் சொன்னார். முதல் சீட்டு விழும் பக்கத்தில் இணை வருவதற்கு நூற்றில் ஏறத்தாழ 51.5 வாய்ப்பு. ஆகவே அந்தப் பக்கம் கட்டி வென்றால் கப்பலில் வழக்கமாக நூறுக்குத் தொண்ணூறுதான் தருவார்கள். மறுபக்கம் நூறுக்கு நூறு. நீண்ட நேரம் ஆடினால் முதல் பக்கத்தில் கட்டுகிற நூறு ரூபாயில் இரண்டு ரூபாய்க்குச் சற்று மேலும், மறுபக்கத்தில் மூன்று ரூபாயும் கடைக்காரனுக்குப் போகும். அவ்வளவே. இதற்கு மேல் வரி. வில்லைகள் வாங்கும் தொகைக்கு 2023 அக்டோபரிலிருந்து 28 விழுக்காடு இருந்த ஜி.எஸ்.டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆகியிருக்கிறது. ஆட்டத்தைவிட வரிதான் பெரிய பாம்பு என்று அவர் முடித்தபோது தம் நகைச்சுவையில் அவருக்கே திருப்தி.

"அப்ப எங்க தோப்பு நூத்துக்கு மூணு ரூபாயிலயா போச்சு?"

அவர் தாளை மடித்து வைத்தார். அந்தக் கேள்விக்கு விடை அவருடைய கணக்கில் இல்லை. மூன்று ரூபாய் போன இடத்தில் எழுந்திராமல், போனதை மீட்க மறுபடி நூறு வைப்பவனுக்கு எந்தச் சூத்திரம் எழுதுவது? திருவள்ளுவர் சூதுக்குத் தனியாக ஓர் அதிகாரமே ஒதுக்கினார். நளன் கதை தெரியாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. தோப்பை எழுதிக் கொடுத்தவருக்கும் அதெல்லாம் தெரிந்திருந்தது; நன்றாகவே பாடுவாராம்.

கடைசியில் ஒரு தொகைக்கு வந்து சேர்ந்தோம். நுழைவுக் கட்டணம் தவிர ஐயாயிரம் ரூபாய். உறையில் போட்டு அவள் பையில்தான் இருக்கும், அவர் சட்டைப்பையில் அல்ல. மேசை முன் அவள் உட்காருவாள். அவர் பின்னால் நிற்பார், கணக்குச் சொல்லக் கூடாது. ஐயாயிரமும் தீர்ந்தால் மேல் தளத்துக்குப் போய்ச் சாப்பிடுவது. தீராவிட்டாலும் இரவு பத்து மணிக்கு மாத்திரை உண்டு.

மம்சாபுரத்திலிருக்கும் அவள் தம்பிக்குச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் தயங்கினோம். தோப்பு போனபோது அவனுக்கு ஆறு வயது. இப்போது அதே தோப்பை ஒட்டி ஒரு டீக்கடை வைத்திருக்கிறான். சேவியர் கோயில் பார்க்கப் போகிறோம் என்று தொடங்கி, மெல்லக் கப்பலைச் சொன்னாள். எதிர்முனையில் வெகுநேரம் பாய்லர் சத்தம்தான் கேட்டது. பிறகு கேட்டான்: "எதுலக்கா கட்டப் போற, உள்ளேயா வெளியேயா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். இன்னும் சொல்லவில்லை. நேத்ராவதியில் எங்கள் இடங்கள் காத்திருப்புப் பட்டியலில் எட்டு, ஒன்பது.