மிதந்த கட்டி

வாழவந்தி நாட்டில் வாய்க்குள் கட்டி என்றால் அதற்கு ஒரே பொருள்தான். ஆகவே பெரியம்மாவின் இடக் கன்னத்தின் உட்புறம் நெல்லிக்காய் அளவில் ஒன்று இருப்பது தெரிந்தபோது நாங்கள் எவரும் அந்தப் பெயரை உச்சரிக்கவில்லை. வலியில்லை, புண்ணில்லை. நான்கைந்து ஆண்டுகளாகவே இருந்ததாம். "மொளகு பறிக்கிற நேரத்துல எவன் கூட்டிட்டுப் போவான்" என்றார். புகையிலை அடக்கும் வாய் என்பதால் சொல்ல அஞ்சினார் என்பதே எங்கள் எண்ணம்.

70 கொண்டை ஊசி வளைவுகளையும் பேச்சின்றி இறங்கிச் சேலம் சேர்ந்தோம். பல் மருத்துவர் விரலால் உருட்டிப் பார்த்தார். மெத்தென்று நழுவியது; மேல்சவ்வின் ஊடே மஞ்சள் தெரிந்தது. லைப்போமா, அதாவது கொழுப்புக் கட்டி என்றார். முதுகிலும் தோளிலும் சாதாரணமாக வருவது, வாய்க்குள் அரிது. அங்கே வரும் தீங்கற்ற கட்டிகளில் 100க்கு ஒன்று முதல் நான்கு வரைதான். 1848இல் ரூ என்பவர் இதைப் பற்றி முதலில் எழுதினாராம்.

சாமைச் சோறு உண்டு மலையேறி இறங்கும் ஒல்லியான உடம்பில் கொழுப்பு எங்கிருந்து வந்தது? அதற்கும் உடற்பருமனுக்கும் கணக்கு வழக்கில்லை, பட்டினி கிடந்தாலும் கரையாது என்றார் மருத்துவர். மூலிகைப் பற்றுக்கும் அப்படித்தான் போலும்; ஓராண்டு போட்டிருக்கிறார்.

பார்வையை மட்டும் நம்புவதற்கில்லை. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியும், மிக அரிதாகக் கொழுப்புத் திசுப் புற்றும் இதே வேடத்தில் வரக்கூடும். முழுதாக எடுத்துச் சோதிப்பதே வழி. மரத்துப்போக ஊசி போட்டு, சவ்வைச் சிறிது கீறி, உறையோடு பிரித்தெடுத்தார்கள். சில தையல்கள், அவ்வளவே. ஃபார்மலின் புட்டியில் இட்டதும் அது மூழ்காமல் மேலே மிதந்தது. கொழுப்பல்லவா! முதிர்ந்த கொழுப்பணுக்கள், மெல்லிய உறை, வேறெதுவும் இல்லை என்றது அறிக்கை. தசைக்குள் ஊடுருவாத கட்டி மீண்டும் வருவது அரிது.

ஆனால் மருத்துவர் நெடுநேரம் பார்த்தது கட்டியை அன்று. புகையிலை அடக்கும் வலக் கன்னத்தை. அங்கே துடைத்தாலும் போகாத ஒரு வெண்படலம். கையால் தட்டுப்படாத அதைப் பெரியம்மா ஒரு பொருட்டாகவே எண்ணியதில்லை. அதிலும் ஒரு துணுக்கு எடுத்தார்கள். புற்று இல்லை; ஆயினும் அணுக்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். புகையிலையோடு பாக்கும் ஆகாது.

புகையிலையை விட்டுவிட்டார். பாக்கை இன்னும் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார். தை மாதம் மறுபடியும் மலையிறங்க வேண்டும்.