திருத்த இடம் தராத ஒலிப்பதிவு

ஒலிப்பதிவுத் தொழிலில் 'டெமோ' என்று வழங்குவது, ஒரு பாடலின் மெட்டையும் போக்கையும் இசை நிறுவனத்தாருக்குக் காட்டுவதற்காகக் குறைந்த செலவில் செய்துகொள்ளும் மாதிரிப் பதிவே. அது கடைக்குப் போகும் சரக்கு அன்று. அமெரிக்கப் பாடகி நோரா ஜோன்ஸின் முதல் தொகுப்பான 'கம் அவே வித் மீ' (2002) இவ்வழக்கத்துக்கு விலக்காக அமைந்தது. வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பியானோ பயின்று 1999இல் நியூயார்க்கில் குடியேறிய அவர், மறு ஆண்டு அந்நகரின் சோர்ஸரர் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில், பொறியாளர் ஜே நியூலண்டுடன் சில மாதிரிப் பதிவுகளைச் செய்தார். ப்ளூ நோட் இசை நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்த பின், தயாரிப்பாளர் கிரெய்க் ஸ்ட்ரீட், கிட்டார் மேதை பில் ஃப்ரிசெல், டிரம்ஸ் கலைஞர் பிரையன் பிளேட் ஆகியோருடன் அலெயர் கூடத்தில் பதிவுகள் நடந்தன. அவற்றில் நிறைவு காணாத நிறுவனம், தயாரிப்பாளர் ஆரிஃப் மார்தினை அழைத்துப் பெரும்பகுதியை மீண்டும் சோர்ஸரர் சவுண்டில் பதியச் செய்தது. இத்தனைக்குப் பிறகும், ஜெஸ்ஸி ஹாரிஸ் இயற்றிய 'டோன்ட் நோ வை' பாடலுக்கு மாதிரிப் பதிவின் முதல் 'டேக்', அதாவது முதல் முறை பாடிப் பதிந்ததே, அடித்தளமாக நின்றது. துணைக்குரல் போன்ற சிலவே பின்னர் சேர்ந்தன.

இத்தொகுப்பில் போலக் கருவிகள் குறைந்தால் வேலையும் குறையும் என்று வெளியிலிருந்து பார்ப்போருக்குத் தோன்றலாம். கூடத்தில் நிலைமை நேர்மாறானது. தனித்தனியே பதிந்த நாற்பது டிராக்குகள் கொண்ட பாடலில் குரலின் கரகரப்பை வயலின்கள் மூடிவிடும். குரல், பியானோ, பேஸ், பிரஷ் கொண்டு வருடப்படும் டிரம் என்ற நான்கே இருக்கும்போது, உதடு பிரியும் சத்தமும் பெடலைக் கால் விடும் ஓசையும்கூட இசையின் பகுதியாகிவிடுகின்றன. ஒரு திசையை மட்டும் கேட்கும் வகை மைக்குக்கு வாய் நெருங்க நெருங்கக் கீழ்ச்சுருதிப் பகுதி தடித்துக் கேட்கும். தாழ்ந்த குரலில் பாடுவோருக்கு இது காதருகே பேசும் நெருக்கத்தைத் தருகிறது. ஆனால் ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் கம்ப்ரெஸர் என்னும் கருவி, உரத்த இடங்களைத் தாழ்த்தும் வேகத்தில் மூச்சை முன்னுக்குக் கொண்டுவந்துவிடும். அதை எந்த அளவுக்கு விடுவது என்பதில்தான் பொறியாளரின் காது சோதிக்கப்படுகிறது. 2003ஆம் ஆண்டு கிராமி விருதுகளில் இத்தொகுப்புக்குச் சிறந்த ஒலிப்பதிவுக்கான விருதும் கிடைத்தது. ஆண்டின் சிறந்த தொகுப்பு என்ற பெரிய விருதின் நிழலில் அது மறக்கப்பட்டுவிட்டது.

பாடகரே பியானோவையும் வாசித்துக்கொண்டு பாடும் பதிவில் மற்றொரு சிக்கல் உண்டு. பியானோவுக்கென வைத்த மைக்கில் குரலும், குரலுக்கென வைத்த மைக்கில் பியானோவும் விழும். தொழில் வழக்கில் இதை 'ப்ளீட்' என்பர். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் ஆவதால், ஒரே குரல் இரு மைக்குகளையும் வெவ்வேறு கணங்களில் அடைகிறது; மைக்குகளைக் கவனமின்றி வைத்தால் இரண்டையும் கூட்டும்போது குரல் உள்ளீடற்றுப் போகும். சுருதி சற்றே விலகிய ஓர் எழுத்தைக் கணினியில் சரிசெய்தாலும், பியானோ மைக்கில் விழுந்த பழைய எழுத்து அடியில் அப்படியே ஒலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே இத்தகைய டேக்கை முழுதாக ஏற்க வேண்டும், அல்லது முழுதாக விட வேண்டும், ஒட்டுப்போட இடமில்லை. மாதிரிதானே என்ற நினைப்பில் பாடுவோரிடம் தவறு குறித்த அச்சம் தளர்ந்திருக்கும் என்பதால், முதல் டேக் பலமுறை வென்றுவிடுகிறது.

நோரா, சிதார் மேதை ரவி சங்கரின் மகள் என்பதற்காக இப்பாடல்களில் இந்துஸ்தானிச் சாயல் தேடுவோர் ஏமாறவே நேரும். இவற்றில் ஜாஸ் தெரியும் இடம், சுரச்சேர்க்கையைவிடவும், சொல்லைத் தாளத்தில் வைக்கும் முறையே. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே வழிவந்த இம்முறையில், பேஸும் டிரம்மும் அடியைப் பிசகாமல் நடத்த, குரல் ஒரு மயிரிழை பின்தங்கி வந்து, வரியின் முடிவில் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். கர்நாடக இசையின் அனாகத எடுப்பும் அடிக்குப் பின்னரே தொடங்குவதெனினும், அது எண்ணிக் காட்டக்கூடிய, முன்கூட்டி நிலைத்த இடம். இங்கோ அந்த இடைவெளி வரிக்கு வரி மாறும். உடன் வாசிப்போர் குரலுக்காகக் காத்திருந்து வேகத்தைத் தளர்த்தினால் முழுவதும் குழைந்துவிடும்.

2022இல் வெளியான இருபதாம் ஆண்டுப் பதிப்பில் மாதிரிப் பதிவுகளும் அலெயர் பதிவுகளும் சேர்க்கப்பட்டதால், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வழி பிறந்தது. அலெயரில் வாசித்தோரின் திறமையில் குறை சொல்ல ஏதுமில்லை. கருவிகளின் நிறங்கள் கூடியதால் கேட்பவரின் கவனம் குரலிலிருந்து விலகிச் செல்கிறது, அவ்வளவே. எனினும் அங்கு பதிவானவற்றில் 'செவன் இயர்ஸ்' உள்ளிட்ட சில பாடல்கள் 2002ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இடம்பெற்றன. நிறுவனத்தின் பிடிவாதத்தைப் பாராட்டுவோர் இதைச் சொல்லாமல் விடுவதுண்டு.