விற்பனைக்கு: பாதி விமானம்... காரணம், கை நடுங்குகிறது! - ஆஷ்கோஷில் ஒரு ஜூலை

"ஆர்.வி-7. வால் பகுதி, இறக்கைகள் முடிந்துவிட்டன. உடல் பகுதி முக்கால்வாசி. எஞ்சின் இல்லை. டூல்ஸ் எல்லாம் சேர்த்து 16,000 டாலர். விற்கக் காரணம்: கை நடுங்குகிறது."

பழைய விமான உதிரிபாகங்கள் விற்கும் கூடாரத்தின் தூணில் ஒட்டியிருந்த தாள் அது. கையால் எழுதியது. அதன் முன்னால் அத்தான் ஐந்து நிமிடமாக அசையாமல் நின்றார். அக்கா என்னைப் பார்த்தாள். 'ஆரம்பிச்சுட்டார்' என்று அர்த்தம்.

கடந்த ஜூலையில் சிகாகோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் சாஃப்ட்வேர் ஆள்தான். ஆனால், அங்கே போய் பைலட் லைசென்ஸ் எடுத்தவர். வார இறுதியில் வாடகை விமானத்தில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். "ஊர் சுத்திப் பார்க்கப் போறோம், வா" என்று காரில் ஏற்றியவர், மூன்று மணி நேரம் வடக்கே ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்திய இடம், விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்கோஷ்.

வின்னிபேகோ ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊர். குழந்தைகள் துணி வாங்குகிறவர்களுக்கு 'ஆஷ்கோஷ்' பிராண்டு தெரிந்திருக்கும். அது பிறந்த ஊர் இதுதான். வருடத்தில் 51 வாரம் அமைதியாக இருக்கும் இந்த ஊரின் விட்மேன் விமான நிலையம், ஜூலை கடைசியில் ஒரு வாரம் மட்டும் உலகிலேயே பரபரப்பான விமான நிலையமாக மாறிவிடுகிறது. 'ஏர்வென்ச்சர்' என்ற விமானத் திருவிழா. 10,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் இந்தப் பகுதிக்கு வந்து இறங்குகின்றன. வேடிக்கை பார்க்க 6 லட்சத்துக்கும் அதிகமானோர். நம்மூர்த் தேர்த் திருவிழாவுக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து, வண்டிக்குக் கீழேயே படுத்துத் தூங்குவார்களே... அதேதான். இங்கே இறக்கைக்குக் கீழே டென்ட் போட்டுத் தூங்குகிறார்கள்.

இவ்வளவு விமானங்கள் எப்படி மோதாமல் இறங்குகின்றன? பக்கத்தில் ஃபிஸ்க் என்றொரு குக்கிராமம். அதன் மேலே வரிசையாகப் பறந்து வர வேண்டும். தரையில் பைனாகுலருடன் உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோலர்கள், விமானத்தின் நிறத்தையும் வகையையும் சொல்லிக் கூப்பிடுவார்கள். பைலட் ரேடியோவில் பேசக் கூடாது. இறக்கையை ஒருமுறை இப்படியும் அப்படியும் ஆட்டினால், 'புரிந்தது' என்று பொருள். தலையாட்டுவது போல!

இந்தத் திருவிழாவை நடத்துவது இ.ஏ.ஏ. என்ற அமைப்பு. வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களுக்காக, 1953-ல் பால் போபெரெஸ்னி என்பவர் மில்வாக்கியில் தொடங்கியது. 1955-ல் அவர் ஒரு பத்திரிகையில், எஞ்சினோடு சேர்த்து 800 டாலருக்குள் விமானம் கட்டுவது எப்படி என்று எழுதினார். அதைப் படித்துவிட்டுப் பலர் கராஜில் சுத்தியலை எடுத்தார்கள். 1970-ல் திருவிழா ஆஷ்கோஷுக்கு வந்தது. அதன்பிறகு ஊரை மாற்றவே இல்லை.

அமெரிக்கச் சட்டப்படி ஒரு விமானத்தின் பாதிக்கு மேற்பட்ட வேலையை, கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தனிநபர்கள் செய்திருந்தால், அதற்குப் பறக்க அனுமதி வாங்க முடியும். உள்ளே ஏறும் இடத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று 2 அங்குல உயர எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். ஏறுகிறவர்கள் தெரிந்துகொண்டு ஏறட்டும் என்று.

திருவிழாவில் நீங்கள் பார்ப்பது கட்டி முடித்தவர்களின் விமானங்களை. பளபளவென்று பெயின்ட் அடித்து, வரிசையாக நிற்கும். பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டுச் சொந்தக்காரர் உட்கார்ந்திருப்பார். ஒரு கேள்வி கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். கட்டி முடிக்காதவர்கள் எங்கே? அந்தத் தூணில் ஒட்டியிருந்த தாளைப் பார்க்கும் வரை எனக்கு அந்தக் கேள்வி தோன்றவேயில்லை.

"எவ்ளோ பேர் முடிக்கிறாங்க அத்தான்?"

"ஆரம்பிக்கிறவங்கள்ல நிறைய பேர் முடிக்கிறதில்ல" என்றார், தாளை போனில் போட்டோ எடுத்துக்கொண்டே.

1970-களில் ஜிம் பீட் என்பவர் பி.டி-5 என்ற குட்டி விமானத்தை விற்றார். ஜேம்ஸ் பாண்ட் படத்தில்கூட அதன் ஜெட் வடிவம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டி கிட் வாங்கினார்கள். சொன்ன எஞ்சின் வரவில்லை, கம்பெனி மூழ்கியது. கடைசியில் பறந்தவை சில நூறுதான். ஆனால், எல்லாக் கதையிலும் வில்லன் கம்பெனி இல்லை. வேலை மாற்றம், இரண்டாவது குழந்தை, விவாகரத்து, மாரடைப்பு என்று விளம்பரங்களில் வரும் காரணங்கள் எல்லாம் நம் பக்கத்து வீட்டுக் காரணங்கள்தான். 'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்று சொன்ன நம் ஆட்கள் விமானத்தைப் பற்றிக் கேள்விப்படவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் சிகாகோவுக்குத் திரும்பும் வழியில், ஏரியின் தெற்கு முனையில் இருக்கும் ஃபாண்ட் டு லாக் ஊர்ப் பக்கம் கார் திரும்பியது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால்தான் பயம்.

இரண்டு கார் நிறுத்தும் கராஜ். உள்ளே ஒரு கார்கூட இல்லை. நடுவில் ஸ்டாண்டின் மேல் விமானத்தின் உடல், முள்ளும் தோலுமாக இருக்கும் பெரிய மீன் மாதிரி. உள்பக்கம் எங்கும் பச்சை நிற ப்ரைமர். சுவரோரம் மரச்சட்டத்தில் செங்குத்தாக நிறுத்திய இரண்டு இறக்கைகள். கூரையில் தொங்கும் வால். தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் 'கிளிகோ' என்ற செம்பு நிறக் கொக்கிகள் டப்பா டப்பாவாக.

பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். 2006-ல் வால் பகுதி கிட் மட்டும் வாங்கியிருக்கிறார். இந்த ஆர்.வி. விமானங்களைத் தயாரிக்கும் வான்ஸ் கம்பெனி, வால், இறக்கை, உடல் என்று தனித்தனியாக கிட் விற்கும். வாலை முடித்தால் இறக்கையை வாங்கலாம். மனதும் பணமும் தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வசதி. 11,000-க்கும் மேற்பட்ட ஆர்.வி-கள் உலகம் முழுவதும் பறந்திருக்கின்றன.

அத்தான் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு இறக்கைக்குள் எட்டிப் பார்த்தார். பழைய ப்ராஜெக்ட் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ரிவெட்டுகளை. ஒரு விமானத்தில் பல ஆயிரம் ரிவெட்டுகள். இன்னொருவர் அடித்ததை நம்பி, இவர் மேலே போக வேண்டும். சந்தேகம் வந்தால் துளைபோட்டு எடுத்து மறுபடி அடிக்க வேண்டும். சில நேரம் புதிதாகச் செய்வதைவிட இது அதிக வேலை. அதனால் இ.ஏ.ஏ-வில் அனுபவமுள்ள தன்னார்வலர்கள் வந்து இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள்.

அடுத்து நோட்டு. பெரியவர் நான்கு தடிமனான நோட்டுகளை எடுத்து வைத்தார். எந்தத் தேதியில் எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்று எல்லாம் எழுதி, போட்டோவும் ஒட்டியிருந்தது. நாளைக்கு யார் கட்டி முடித்தாலும், அரசு அதிகாரி வந்து, 'பாதிக்கு மேல் நீங்களும் உங்களுக்கு முன்னால் இருந்தவரும்தான் கட்டினீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்பார். இந்த நோட்டுகள் இல்லாவிட்டால் இறக்கை இருந்தும் சிக்கல்தான்.

கடைசிப் பக்கத்தில் மொத்தக் கணக்கு: 1,340 மணி நேரம்.

"இதுக்கு எவ்ளோ போட்டீங்க?" என்று கேட்டார் அத்தான்.

பெரியவர் விரல்களால் பூஜ்யம் காட்டினார்.

இதுதான் இந்த வியாபாரத்தின் வழக்கம். தகடு, கிட், கருவிகள் ஆகியவற்றின் விலை மட்டும்தான் பேச்சு. அதிலும் தள்ளுபடி கேட்பார்கள். உழைப்புக்கு விலை கிடையாது. நம்மூரில் பாதி கட்டிய வீட்டை விற்றால் கொத்தனார் கூலியாவது தேறும். இங்கே அதுவும் இல்லை. பெரியவருக்கு இதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் இருந்தது.

"அதுல பாதி மணி நேரம் என்னுது" என்றார், லெமனேட் கொண்டுவந்த அவர் மனைவி.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் ரிவெட் கன்னால் அடிக்க, உள்பக்கம் இன்னொருவர் 'பக்கிங் பார்' என்ற இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ரிவெட் கோணல். இறக்கைக்குள் கையை விட்டு, அத்தனை வருடம் அந்தக் கட்டையைப் பிடித்தவர் இந்த அம்மாதான். நோட்டில் கணவரின் எழுத்து மட்டும்தான் இருக்கிறது. "19 வருஷமா என் கார் வெளியில நிக்குது. விஸ்கான்சின் பனி எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா? தினம் காலைல சுரண்டணும்" என்று சிரித்தார். பிறகு இறக்கையின் ஓரத்தில் ஒரு வரிசையைத் தொட்டுக் காட்டினார். "இந்த வரிசையில ஒண்ணுகூட மாத்தல."

விமானத்தின் கண்ணாடி மூடி மட்டும் இன்னும் பெட்டியிலேயே இருந்தது. அதை அளவுக்கு வெட்ட வேண்டும். குளிரில் வெட்டினால் அக்ரிலிக் விரிசல் விட்டுவிடும் என்பதால், கோடைக்காகக் காத்திருக்க வேண்டும். அடுத்த கோடை, அடுத்த கோடை என்று தள்ளிப்போய், ஒரு கோடையில் வலது கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. அவர் அதைப் பற்றி வேறொன்றும் பேசவில்லை. பேசும்போது அந்தக் கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் வைத்திருந்தார்.

அத்தான் கணக்குப் போட ஆரம்பித்தது முகத்தில் தெரிந்தது. புது எஞ்சினே 30,000 டாலருக்கு மேல். புரொப்பல்லர், கருவிப் பலகை, பெயின்ட் எல்லாம் தனி. 2023 டிசம்பரில் வான்ஸ் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போய் மீண்ட பிறகு, கிட் விலையும் ஏறிவிட்டது. அந்த வகையில் 16,000 நியாயமான விலைதான். இன்னொரு ஆசையும் இருந்தது. பறக்கத் தயாரான விமானத்தை வாங்கினால், அதன் வருடாந்தரப் பரிசோதனைக்கு மெக்கானிக்கைத் தேட வேண்டும். பாதியில் வாங்கி முடித்தால், வேலை தெரிந்தவர் என்று நிரூபித்து, அந்த உரிமையைத் தானே வாங்க வாய்ப்பிருக்கிறது. கட்டியவர் பெயர் விமானத்தின் தகட்டிலும் பொறிக்கப்படும்.

யாருடைய பெயர்? பெரும்பாலும் முடித்தவருடையது. அதைக் கேட்டதும் நான் அந்த அம்மாவைத்தான் பார்த்தேன். அவர் பாப்பாவுக்கு கிளிகோ ஒன்றை மாட்டிக் கழற்றக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பெரியவரும் பாப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "வயசு என்ன?" என்றார்.

"மூணு."

"அப்படின்னா இதை வாங்காதீங்க. இன்னும் ஆயிரம் மணி நேரமாவது வேலை இருக்கு. இவளுக்குப் பத்து வயசு ஆகட்டும். கட்டை பிடிக்க ஆள் கிடைக்கும்."

விற்க வேண்டியவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏழு மாதமாக விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். காரில் ஏறிய பிறகு மில்வாக்கி தாண்டும் வரை யாரும் பேசவில்லை. அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்: "நல்ல மனுஷங்க."

நான் சென்னை திரும்பி மூன்று வாரம் கழித்து, அத்தான் ஒரு போட்டோவை அனுப்பினார். மினசோட்டாவிலிருந்து ஓர் அப்பாவும் பதினாறு வயதுப் பெண்ணும் டிரெய்லருடன் வந்து வாங்கிப் போனார்களாம். பழைய ரஜாய்களைச் சுற்றி இறக்கைகளைக் கட்டியிருக்கிறார்கள். ஏற்றி முடித்த பிறகும் ஒரு மணி நேரம் கிளம்பவில்லையாம். பக்கிங் பாரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அந்த அம்மா, பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாராம். போட்டோவின் ஓரத்தில் கராஜ் தெரிகிறது. உள்ளே ஒரு நீல நிற கார்.

போன வாரம் அக்காவிடம் பேசினேன். "எங்க கராஜ் சுவர்ல பென்சிலால '2032'னு எழுதி வெச்சிருக்கார். என்னன்னு கேட்டா சிரிக்கிறார். உனக்கு ஏதாவது தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.