ஸ்வர்ல் ஃபிளாப்பும் ஓசூர் லேத் பட்டறையும்

சில டர்போ டீசல் என்ஜின்களின் இன்டேக் மேனிஃபோல்டுக்குள், சிலிண்டருக்கு ஒன்றாகச் சிறிய உலோகத் தகடுகள் இருக்கும். மெக்கானிக்குகள் இவற்றை ஸ்வர்ல் ஃபிளாப் என்பார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று போக இரண்டு வழிகள் உண்டு. என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஒரு வழியை இந்தத் தகடு அடைத்துக்கொள்ளும். மொத்தக் காற்றும் மற்ற வழியாகப் பாய்ந்து உள்ளே சுழல்வதால் டீசலோடு நன்றாகக் கலந்து எரியும், புகை குறையும். வேகம் கூடியதும் தகடு திறந்துகொள்ளும்.

யோசனை நல்லதுதான், செய்த விதத்தில்தான் கோளாறு. 2000களின் தொடக்கத்தில் வந்த பிஎம்டபிள்யூ எம்47, எம்57 டீசல் என்ஜின்களில் இந்தத் தகட்டை மெல்லிய தண்டு ஒன்றில் இரண்டு பொடி ஸ்க்ரூக்களால் பிடித்திருந்தார்கள். வருடக்கணக்கான அதிர்வில் ஸ்க்ரூ கழன்றாலோ தண்டு ஒடிந்தாலோ அது விழுவது நேராக சிலிண்டருக்குள்தான். வால்வு வளையும், பிஸ்டன் தலை கொத்துப்படும். துண்டு எக்ஸாஸ்ட் வழியே வெளியேறினால் டர்போவின் டர்பைனும் போச்சு. பட்டறைக்காரர்கள் தகட்டைத் தண்டோடு எடுத்துவிட்டு, அது மேனிஃபோல்டில் நுழைந்திருந்த துளையை டம்மி போட்டு மூடுவது இதனால்தான். பெங்களூரில் ஓடிக் கைமாறிய இத்தகைய கார்கள், எல்லைக்கு இந்தப் பக்கம் ஓசூர் பட்டறைகளுக்கும் வருகின்றன.

மேனிஃபோல்டைக் கழற்றியதும் முதலில் தெரிவது கரி. ஈஜிஆர் வால்வு திருப்பி அனுப்பும் புகையும் கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து உட்சுவரில் தாராகப் படிந்திருக்கும். அதைச் சுரண்டி, டீசலில் ஊறவைத்துக் கழுவுவதிலேயே பாதி நாள் போய்விடும். அடுத்தது எண்ணிக்கை. நான்கு தகடு என்றால் எட்டு ஸ்க்ரூ. ஓசூர்ப் பட்டறை ஒன்றில் கழற்றி வைத்திருந்த ஒரு மேனிஃபோல்டில் மூன்றாவது தகடு விரல் பட்டதும் ஆடியது, அதன் ஒரு ஸ்க்ரூவில் தலை இல்லை. "ஏழுதான் இருக்குன்னா வண்டிய ஸ்டார்ட் பண்ணவே கூடாது சார்" என்றார் மெக்கானிக். காணாமல் போன தலையை போர்ட்டிலும், சிறு கேமரா விட்டு சிலிண்டருக்குள்ளும் தேடிய பிறகுதான் வேலை நகர்ந்தது.

டம்மி ஆயத்தமாக விலைக்குக் கிடைக்கிறது. கையில் இல்லாதபோது லேத்துக்குப் போகும். ஓசூரில் லேத்துக்குக் குறைவில்லை. அசோக் லேலண்ட் ஆலை இங்கே தொடங்கியதும், இங்குள்ள டிவிஎஸ் ஆலையின் டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்ததும் 1980ல். அந்த ஆலைகளுக்கும் பின்னால் வந்தவற்றுக்கும் உதிரிபாகம் கடைந்து கொடுத்தே சிப்காட், சிட்கோ தொழிற்பேட்டை வட்டாரத்தின் ஜாப் ஒர்க் பட்டறைகள் வளர்ந்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் ஒரே ஷிஃப்டில் கேட்கும் இடம் இது. ஆயிரக்கணக்கில் ஒரே பீஸ் ஓடும் சிஎன்சி மெஷினில் நாலு டம்மிக்காக செட்டிங் மாற்ற யாரும் விரும்புவதில்லை. மூலையில் நிற்கும் பழைய லேத்தும் அதில் கை பழகிய டர்னரும்தான் இதற்குச் சரி.

டிராயிங் கிடையாது, பழைய தகட்டுத் தொகுதியே சாம்பிள். அனுபவப்பட்ட டர்னர் அதை ஓரமாக வைத்துவிட்டு மேனிஃபோல்டின் துளையை அளக்கிறார். தேய்ந்த சாம்பிளை அளந்தால் டம்மியும் தேய்ந்த அளவில்தான் வரும். துளை பெரும்பாலும் 22 அல்லது 33 மில்லிமீட்டர். அலுமினிய ராடை சக்கில் பிடித்து ஃபேசிங், டர்னிங் முடித்து ஓ-ரிங்குக்குப் பள்ளம் வெட்டுகிறார். வேலையின் உயிர் அந்தப் பள்ளத்தில்தான். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரிங்குக்கு ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். ஆழம் கூடினால் ரிங் அழுந்தாமல் காற்று கசியும், குறைந்தால் ஏற்றும்போதே ரிங் வெட்டுப்படும். உள்முகம் போர்ட்டின் சுவரோடு சமமாக நிற்பதும் முக்கியம். நீட்டிக்கொண்டிருந்தால் காற்றை மறிக்கும், உள்ளடங்கினால் கரி சேரக் குழி விழும். ரிங் விட்டான் ரகமாக இருக்க வேண்டும். சாதாரண நைட்ரைல் ரிங் இந்தச் சூட்டில் சீக்கிரம் விறைத்துப்போகும்.

பூட்டும்போது ஸ்க்ரூவில் லாக்டைட் தடவுகிறார்கள். தகட்டை மோட்டார் அசைக்கும் வண்டிகளில் அதை எடுக்காமல், கனெக்டரோடு அப்படியே விடுவது வழக்கம். பிடுங்கினால் கன்ட்ரோல் யூனிட் ஃபால்ட் கோடு காட்டும். பிறகு காற்றழுத்தம் ஏற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி பார்க்கிறார்கள்.

ரோட் டெஸ்ட்டுக்கு இந்தப் பகுதி நன்றாக வாய்த்திருக்கிறது. ஓசூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி மேலே, கிருஷ்ணகிரி அதைவிட ஆயிரம் அடிக்கு மேல் கீழே. கிருஷ்ணகிரி வரை இறங்கி, சூளகிரி வழியாகத் திரும்ப ஏறினால் டர்போவுக்கு முழு வேலை. ஓசூர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் பத்து சதவீதம் குறைவு. அதை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுற்றும்போது, கசிவு இருந்தால் இழுவைக் குறைவாகவும் கரும்புகையாகவும் தெரிந்துவிடும்.

டம்மி போட்ட வண்டியில் குறைந்த வேகத்தில் இழுவை சற்றுக் குறையும். பலர் அதைக் கவனிப்பதில்லை. குறைந்த வேகத்தில் புகையும் கொஞ்சம் கூடலாம், அதைத்தான் பட்டறையில் பேசுவதில்லை. புகையைக் குறைக்க வைத்த உறுப்பை எடுப்பதால் விஷயம் சட்டத்தையும் தொடுகிறது. நிறுவனம் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. வாரண்டி உள்ள வண்டியில் கைவைக்கவே கூடாது. 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்6 கார்களில் மாசுக் கட்டுப்பாட்டு உறுப்புகளை வண்டியின் கணினியே கண்காணிக்கிறது, அவற்றில் டம்மிக்கு இடமில்லை.

எல்லா என்ஜினுக்கும் இந்த வைத்தியம் பொருந்தாது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 2.0 டிடிஐ காமன்ரெயில் என்ஜினில் பழுதாவது பெரும்பாலும் தகட்டை இயக்கும் கைதான், பி2015 என்ற கோடு அதற்குப் பேர்போனது. அந்தக் கையின் நகர்வை அதற்குரிய எல்லையில் நிறுத்தும் சிறு உலோகப் பிராக்கெட்டே பல வண்டிகளுக்குப் போதும். மேனிஃபோல்டு முழுக்க பிளாஸ்டிக், தகடுகளும் அதோடு சேர்ந்தவை. அவை தளர்ந்துவிட்டால் தொகுதியையே மாற்ற வேண்டியதுதான், லேத்துக்கு அதில் வேலை இல்லை.