அரியலூர் சோடா

திருச்சியிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் ரொம்பச் சந்தோஷப்படாதீர்கள். கீழப்பழுவூர் தாண்டுவதற்குள் சுண்ணாம்புக்கல் லாரிகள் உங்கள் தலைக்கு இலவசமாக டை அடித்துவிடும். வெள்ளை டை!

புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தேன். சித்தப்பா சிமென்ட் ஆலையில் சூளைப் பக்கம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். பத்திரிகையைப் பிரிக்காமல், ஷெல்ஃபிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். அதில் கிளிஞ்சல், வரிவரியாக.

"இங்க கடல் இருந்துச்சுடா, பத்துக் கோடி வருஷம் முன்னாடி. வாரணவாசி மியூசியத்துல போய்ப் பாரு. அப்ப செத்த சிப்பிதான் இப்ப உன் சிமென்ட்டு."

100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் 900 டிகிரிக்கு வாட்டினால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். பாக்கி 44 கிலோ கரியமிலவாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடும். நான் பி.காம். சரக்கில் நூற்றுக்கு 44 காணாமல் போனால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

"நிலக்கரிக்குப் பதிலா சோலார் வெச்சா?"

"அடுப்பை மாத்தலாம். கல்லு அதே கல்லுதானே?"

நியாயம். சிமென்ட் ஆலை விடும் கரியமிலவாயுவில் சுமார் 60 சதவிகிதம் கல்லிலிருந்தே வருவது. அதைப் பிடித்துத்தான் ஆகவேண்டும்.

பிடிக்கவும் செய்கிறார்கள். நார்வேயில் பிரெவிக் என்ற ஊர் சிமென்ட் ஆலையில் 2025 ஜூனில் அதற்கென ஒரு பிளான்ட் திறந்தார்கள். வருஷத்துக்கு 4 லட்சம் டன். அந்த ஆலை விடுவதில் பாதி. அமீன் கலந்த திரவம் ஆறியிருக்கும்போது வாயுவை விழுங்கும், சூடாக்கினால் கக்கிவிடும். அந்தச் சூட்டுக்குத்தான் காசு கரைகிறது. பிடித்ததைக் கப்பலேற்றி, வட கடலின் அடித்தரைக்கும் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் புதைக்கிறார்கள்.

புதைப்பானேன், விற்கலாமே என்றது என் வணிகவியல் புத்தி. தூத்துக்குடியில் ஒரு ஆலை 2016-ல் தன் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்தே வாயுவைப் பிடித்துச் சலவைச் சோடா செய்ய ஆரம்பித்தது. ஆண்டுக்கு 60,000 டன் என்று திட்டம். இதே அரியலூர் ஆலையில் 5 லட்சம் டன் பிடிக்கப்போவதாக 2019-ல் டால்மியா அறிவித்தது.

"குடிக்கிற சோடா கம்பெனிக்குக்கூட விக்கலாமே, சித்தப்பா!"

"வித்தா, நீ ஏப்பம் விடற வரைக்கும்தான் கணக்கு. கான்கிரீட் கல்லு வார்க்கும்போது உள்ள செலுத்தினா அங்கேயே கல்லாத் தங்கிடும். அது பேச்சு!" சுவரைத் தட்டினார். "இதோ, நீத்த சுண்ணாம்பு அடிச்ச சுவரு. காத்துல இருக்கற அதே வாயுவை இழுத்துத்தான் இறுகுது. உன் வீட்டுக்கு என்ன அடிச்சிருக்கே?"

"எமல்ஷன்..."

"சிமென்ட்டு எத்தனை மூட்டை?"

"நானூறு."

சித்தப்பா பத்திரிகையைப் பிரித்து, தேதியை மட்டும் பார்த்தார்.

சித்தி பன்னீர் சோடா கொண்டுவந்து நீட்டினாள். குடித்தேன். ஏப்பத்தை மட்டும் பஸ் ஏறுகிறவரை அடக்கிக்கொண்டேன்.